அட்டாலி ஊசி

திருப்பூர்ப் பக்கம் அட்டாலி இல்லாத வீட்டைப் பார்ப்பது கஷ்டம். சுவரில் தலைக்கு மேலே நீட்டிவிட்ட ஒரு சிமெண்டுத் தட்டு, அவ்வளவுதான். ஆகாத பாத்திரம், கிழிந்த பாய், எறிய மனம் வராத தொட்டில் எல்லாம் அங்கே ஏறிவிடும். ஏறியது இறங்கியதாகச் சரித்திரம் கிடையாது. துளசிமணிக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் தொழிலாளிகளுக்கு விளக்கம் சொல்ல அந்த அட்டாலியைப் பிடித்தாள்.

தாவரவியலில் முதுகலை படித்தவள் அவள். ஆசிரியர் தேர்வை மூன்று முறை எழுதி மூன்று முறையும் மயிரிழையில் கோட்டை விட்டு, டுட்டோரியலில் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தபோது நீலவேணி சாயப்பட்டறை அவளைக் கூப்பிட்டது. வேலையின் பெயர் நலவாழ்வு விளக்குநர். அந்தப் பெயரைக் கேட்டுக் கணவன் சம்பத் இரண்டு நாள் கிண்டல் செய்தான்.

சாயக்கழிவை ஒரு சொட்டுகூட ஆற்றில் விடக்கூடாது என்று சட்டம் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஆற்றில் விடக்கூடாதென்றால் கழிவு ஆவியாகிப் போய்விடுமா? கிணற்றுத் தண்ணீரில் இருந்தது, பட்டறைக் காற்றில் இருந்தது, சாயப்பொடி நிறுக்கும் கலர் கிச்சன் பெண்களின் மூச்சில் இருந்தது. ஆளுக்கு ஆள் சொறி, இருமல், மஞ்சள் கண். அப்போதுதான் அந்த ஊசி வந்தது.

கேண்டீனில் எல்லாரையும் உட்கார வைத்து, வெள்ளைப் பலகையில் மூன்று படம் வரைந்தாள் துளசிமணி.

"பாருங்க, உசுருன்னு இருக்கறது அத்தனையும் சின்னச் சின்ன வூடாத்தான் கட்டியிருக்குது. அந்த வூட்டுக்குப் பேரு செல்லு. மொதல்ல இது, பாக்டீரியா. ஒத்த ரூம் குடிசை. ஆக்கறது, திங்கறது, படுக்கறது எல்லாம் ஒரே எடம். வேண்டாதது உள்ள வந்தா அப்பவே வாசல்ல தள்ளிரும். ரெண்டாவது நம்ம செல்லு. உள்ள தனித்தனி ரூமு இருக்குது, நடுவால உட்கருன்னு ஆபீஸ் ரூமு இருக்குது. ஆனா சாமான் போட்டு வெக்க எடம் கெடையாது. வெசம் வந்தா வூடு பூராச் செதறிக் கெடக்கும்."

"மூணாவது?" என்றார் துணிக்குச் சாயம் ஏற்றும் விஞ்ச் மெஷினை ஓட்டும் ஆறுச்சாமி.

"செடியோட செல்லுங்க. சுத்தியும் கல்லுச் செவுரு. பசுங்கணிகம்னு வெயில்ல எரியற அடுப்பு. அப்பறம் பாருங்க, பாதி வூட்டை அடைச்சுக்கிட்டு இத்தாப் பெரிய நுண்குமிழி. ஆகாததை எல்லாம் அதுக்குள்ள போட்டுப் பூட்டிரும். அதுதான் செடியோட அட்டாலி. அதைத்தான் நமக்கும் கட்டித் தரப் போறாங்க."

"செவுத்தையுமா? அப்பறம் எம்பட மாமியாளாட்ட வெறச்சுப் போயிருவமுங்க," என்றார் அவரே.

கேண்டீனே சிரித்தது. துளசிமணியும் சிரித்தாள். செவுரு வேண்டாம், பச்சை வேண்டாம், அட்டாலி மட்டும்தான் என்றாள். அதை உடம்புக்குள் யார் கொண்டுபோய் வைப்பது என்று ஒருவர் கேட்டதற்கு முதல் படத்தைக் காட்டினாள். "இந்தக் குடிசைக்காரன்தானுங்க. இவன் எந்த வூட்டுக்குள்ளயும் பூந்து சாமானை வெச்சுட்டு வந்துருவான்." சொல்லி முடித்து, எல்லார் முன்னாலும் தன் கையை நீட்டி முதல் ஊசியைத் தானே போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் தயங்கவில்லை. அட்டாலி ஊசி என்ற பெயரும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

ஒன்றைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தாள் என்பதைவிட அடித்துவிட்டாள் என்பதுதான் நிஜம். தொழிலாளிகளுக்குக் கொடுக்க அவள் எழுதிய கையேட்டின் நாலாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. "செடி இந்தக் கழிவை இலைகளில் சேர்த்து வைத்து, பிறகு இலையோடு உதிர்த்துவிடுகிறது." மேனேஜர் ரங்கராஜ் அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இந்த வரி எதுக்குங்க மேடம்? மனுசனுக்கு எலையா மொளைக்குது? சும்மா இருக்கறவனைக் கேள்வி கேக்க வெக்கற மாதிரி இருக்குது."

அவள் பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டாள். அடுத்த வாரம் வேலை நிரந்தரமானது. சம்பத் அல்வா வாங்கி வந்தான்.

ஊசி வேலை செய்தது, அதில் பொய் இல்லை. சொறி போனது, இருமல் போனது. இரத்தத்தைச் சோதித்தால் பால் மாதிரி சுத்தம். வெளிநாட்டுக் கொள்முதல்காரர்கள் வந்து பார்த்துக் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். விஷம் எல்லாம் இரத்தத்தில் இல்லாமல் அட்டாலியில் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை உள்ளங்கையில் தோலைத் துளி கிள்ளி எடுத்து, நூற்றுக்கு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பார்கள். யாருக்காவது அளவு குறைந்திருந்தால் ஆயுத பூஜையன்று பரிசு. மூன்றாம் வருஷப் பூஜையில் மூன்று பெண்களுக்கு அளவு அடியோடு விழுந்திருந்தது. அந்த மூவரில் துளசிமணியும் ஒருத்தி. தலைப்பிள்ளையைப் பதினோராம் நாள் மண்ணில் வைத்துவிட்டு வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மாரியம்மன் ஒன்றை எடுத்து ஒன்றைக் கொடுத்திருக்கிறாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, மேடையேறிச் சிவப்பு ஹாட்பாக்ஸை வாங்கி வந்தாள். மறுவருஷமே நவிலன் பிறந்தான். ரோஜா நகத்தோடு, ஊரைக் கூட்டும் அழுகையோடு பிறந்தான். அவனுக்கு இப்போது ஒன்றரை வயது. அவனுக்குச் சுட்ட இட்லியில் மிஞ்சியதை அந்த ஹாட்பாக்ஸில்தான் அவள் வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிறாள்.

ஐந்தாம் வருஷம் ஆறுச்சாமிக்கு அளவு தொண்ணூற்று மூன்று. டெங்குக் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் உடம்பு தாங்காமல் செல்கள் உடைந்தன. இத்தனை வருஷம் பூட்டி வைத்ததெல்லாம் ஒரே பொழுதில் சரிந்தது. செத்த உடம்பு எந்தத் துணிக்கும் ஏறாத ஒரு நிறத்தில் இருந்தது. மின்மயானத்துக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "இதை எரிச்சா பொகையில ஊரே சாகுமுங்க" என்று வண்டியைத் திருப்பி அனுப்பினார். கடைசியில் கம்பெனியே கழிவு மூட்டை அடுக்கும் கான்கிரீட் குழியில் அவரை வைத்து மூடியது. மூன்றாம் நாள் பால் ஊற்றப் போன அவர் மனைவியிடம் வாட்ச்மேன் கேட் பாஸ் கேட்டான். இப்படியும் ஒரு சாவு.

அந்தச் சாவுக்கு அடுத்த வாரம் புதிய கம்பெனி டாக்டர் வந்தார். ஜெயசீலன், நாகர்கோவில்காரர். வந்தவர் பழைய தாள்களையெல்லாம் புரட்டிவிட்டு மூன்றை மட்டும் உருவிக்கொண்டு துளசிமணியின் மேஜைக்கு வந்தார்.

"மேடம், ஆறுச்சாமி மாதிரி இன்னொருத்தர் போகக்கூடாது. காலி பண்ண ஏதாவது வழி இருக்கான்னு தேடுறேன். இந்த மூணு பேருக்கு மட்டும் தானாவே காலியாயிருக்கு. அறுபத்தெட்டுல இருந்தவங்க அடுத்த வருஷம் ரெண்டுல நிக்காங்க. எங்க போச்சு?"

"கடவுள் புண்ணியம்னு நெனச்சமுங்க."

"சாயத்துக்குக் கடவுளைத் தெரியாதே மேடம். இதுல நம்பர் மட்டும்தான் போட்டிருக்கு. யாரு இவங்க? அந்த வருஷம் ஊர் மாறினாங்களா, நாட்டு மருந்து எதுவும் சாப்பிட்டாங்களா?"

துளசிமணி தாள்களை வாங்கிப் பார்த்தாள். "இது வரலட்சுமி. இது ஜோதிமணி. ரெண்டு பேரும் கலர் கிச்சன்."

"மூணாவது?"

"நானுங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாய் அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது. "அந்த வருசம் எங்க மூணு பேருக்கும் பிரசவமுங்க. வரலட்சுமிக்குச் செத்தே பொறந்துச்சு. ஜோதிமணிக்கு நாப்பது நாள் இருந்துச்சு. எனக்குப் பதினொண்ணு."

டாக்டரின் பேனா நின்றுவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஊசி கொண்டுபோன மாற்றம் கருமுட்டை வரைக்கும் போயிருக்கு. குழந்தையோட செல்லுலயும் அட்டாலி இருந்திருக்கு, ஆனா எல்லாம் காலி. அம்மாவுக்கு எல்லாம் நிரம்பியிருக்கு. கடைசி ரெண்டு மாசம் குழந்தை எடை போடும்போது மொத்தமும் அங்க இறங்கியிருக்கு."

"எலை," என்றாள் துளசிமணி.

"என்ன மேடம்?"

"செடி எலையில வெச்சு உதுத்துருமுங்க. பத்தாங்கிளாஸ் புஸ்தகத்துலயே இருக்குது."

அவளுடைய தலைப்பிள்ளையின் நகங்கள் சிலேட்டு நிறத்தில் இருந்தன. கிரகணத்தில் வெளியே வந்திருப்பாய் என்று ஆளாளுக்குத் திட்டினார்கள், அவளும் நம்பினாள். பேர் வைக்கக்கூட நாள் பார்க்கவில்லை. பெயரில்லாத அந்தப் பெண் பிள்ளை தாயின் வயிற்றைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டுப் போயிருக்கிறது. அது காலி செய்து கொடுத்த இடத்தில்தான் நவிலன் ரோஜா நகத்தோடு வந்து பிறந்திருக்கிறான். அதற்குப் பரிசாக அவள் ஒரு ஹாட்பாக்ஸ் வாங்கினாள். மேஜைக்கு அடியில் இருந்த அந்தச் சிவப்பு டப்பாவைக் காலால் எட்டித் தள்ளினாள்.

அடுத்த நொடி அவளுக்கு ரேணுகாவின் ஞாபகம் வந்தது.

ரேணுகா அவளுடைய தம்பி கதிரேசனின் பெண்டாட்டி. துளசிமணி சொல்லித்தான் அவள் கலர் கிச்சன் வேலைக்கு வந்தாள், துளசிமணி சொல்லித்தான் ஊசியும் போட்டுக்கொண்டாள். இப்போது ஏழு மாதம். வெள்ளிக்கிழமை கட்டுச்சோறு வைத்துத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக நாள் குறித்திருந்தார்கள். தாளைத் தேடி எடுத்தாள். அளவு எண்பத்தொன்று.

"இந்த வாரமே ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா குழந்தை பிழைக்கலாம், இறங்க ஆரம்பிக்கிற நேரம்தான்," என்றார் டாக்டர். "ஆனா அவங்க அளவு அப்படியே இருக்கும். ஒரு காய்ச்சல் போதும். ரெண்டு வருஷம் தாண்டுமான்னு சொல்லத் தெரியல."

இருவரும் ரங்கராஜிடம் போனார்கள். அவர் தாள்களைப் படித்தார். முகத்தில் திகில் வரும் என்று துளசிமணி காத்திருந்தாள். வரவில்லை. முதுகை நாற்காலியில் சாய்த்து, "அப்ப காலி பண்ண வழி இருக்குது," என்றார்.

"சார், குழந்தைங்க செத்திருக்கு."

"இல்லீங்கன்னு சொல்லல டாக்டர். மூணு பேரை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாதுங்களே. இந்தப் புள்ளைக்கு இன்னும் ரெண்டு மாசந்தானே இருக்குது? பொறுத்துப் பாத்தா உறுதியாத் தெரிஞ்சுரும்."

துளசிமணி வண்டியை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். கதிரேசன் லேத் பட்டறைக்குப் போயிருந்தான். ரேணுகா தனியாக உட்கார்ந்து மாங்காயைக் கீறி உப்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க நங்கையா. என்னுங் இந்நேரத்துக்கு? மாங்கா தின்னுங்க."

துளசிமணி எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை பலகையும் படமும் இல்லை. முடிந்த பிறகு ரேணுகா கேட்டாள்.

"இப்ப எடுத்துட்டா நானு?"

"நீ அப்படியேதான் இருப்ப. எண்பத்தொண்ணு."

"எடுக்காட்டி நான் காலியாயிருவேன்."

"ஆமா."

"புள்ள நெறஞ்சுரும்."

"ஆமா கண்ணு."

ரேணுகா ஒரு கீற்றை எடுத்தாள், தின்னாமல் திரும்ப வைத்தாள். "உங்க மொதப் புள்ளைய நாந்தான் குளிப்பாட்டுனனுங்க. அந்த நகம் எனக்கு மறக்கலீங்க." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "இது முன்னாடியே உங்களுக்குத் தெரியாதுங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளை யாரும் பிடித்திருக்க மாட்டார்கள்.

"புள்ளைக்குப் போகும்னு தெரியாது ரேணு. செடி எலைய உதுத்தாத்தான் பொழைக்கும்னு தெரியும். நமக்கு உதுக்க ஒண்ணுமில்லையேன்னு ஒரு வெசனம் இருந்துச்சு. எழுதிட்டு அடிச்சுட்டேன்."

"ஏனுங்க?"

"வேலை நெரந்தரம் ஆகோணும்னு."

ரேணுகா கத்தியையும் தட்டையும் எடுத்து ஓரமாக வைத்தாள். "ஆபரேசனுக்கு எங்க போகோணும்னு சொல்லுங்க. அவர்கிட்ட நான் பேசிக்கறேன். ஒண்ணே ஒண்ணுங்க. புள்ள பொறந்தா நீங்க தூக்க வேண்டாம்." கோபமாகச் சொல்லவில்லை. தயிர்ச் சட்டியைத் திறந்து போடாதீர்கள் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் துளசிமணிக்குத் தாங்கியிருக்கும்.

கட்டுச்சோறு வைக்கக் குறித்த அந்த வெள்ளிக்கிழமையே பிள்ளையை எடுத்தார்கள். ஒன்றரைக் கிலோகூட இல்லாத பெண். நகங்கள் பத்தும் ரோஜா நிறம். நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. துளசிமணி தினமும் போய்க் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தாள். மதுரா என்று பேர் வைத்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

அடுத்த மாதம் கம்பெனி ஒரு சுற்றறிக்கை ஒட்டியது. மகப்பேறு நலத் திட்டம்: பிள்ளை பெறும் பெண்களுக்கு ஒரு வருஷச் சம்பளத்தோடு விடுப்பு, திரும்பி வந்தால் சூப்பர்வைசர் வேலை. கேண்டீனில் ஒரே கொண்டாட்டம். மேடம் பேசித்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று யாரோ கிளப்பிவிட, பெண்கள் அவள் வாயில் மைசூர்பாகைத் திணித்தார்கள். கம்பெனி ஏன் கொடுக்கிறது என்று ஒருத்திக்கும் தெரியாது. துளசிமணி வாயிலிருந்ததைத் துப்பினாள். பலகையை இழுத்துப் போட்டு அதே மூன்று படத்தை வரைந்தாள். மூன்றாவதற்குப் பக்கத்தில் ஒரு இலை வரைந்தாள். அடித்த வரியைச் சொன்னாள். செத்த பிள்ளைகளைச் சொன்னாள். தன் பிள்ளையையும் சொன்னாள்.

விஞ்ச்காரர் ஒருவர்தான் முதலில் கேட்டார். "அப்ப ஆம்பளைங்களுக்கு எலை எதுங்க மேடம்?"

"இல்லீங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பின் வரிசையில் சத்யபாமா எழுந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம், அளவு எழுபத்தாறு.

"மொதப் புள்ள போயிருச்சுன்னா ரெண்டாவது நல்லாப் பொறக்குமில்லீங்க? உங்க பையனாட்ட?"

யாரும் அவளை அதட்டவில்லை. எல்லாக் கண்ணும் துளசிமணி மேல் இருந்தது. பிறக்காது என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. நவிலன் வீட்டில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தான்.

சாயங்கால டீக்கு முன்பே அவள் கையில் வேலைநீக்கக் கடிதம் வந்துவிட்டது. மறுவாரம் ஜெயசீலனும் போய்விட்டார். தொழிலாளிகளில் ஏழு பேர் வேலையை விட்டார்கள். மற்றவர்கள் எங்கே போவார்கள்? ஊசி போட்டவர்களை வேறு பட்டறைகள் வாசலிலேயே திருப்பி அனுப்பின. நலத் திட்டத்துக்கு முதல் மாதமே இருபத்தாறு பெண்கள் பேர் கொடுத்ததாகக் கேள்விப்பட்டாள். சத்யபாமாவின் பேரும் அதில் இருந்தது.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேணுகா வந்தாள். இடுப்பில் மதுரா. துளசிமணி எழுந்து நின்றாள், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். நவிலன் பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்தான்.

"உக்காருங்க நங்கையா," என்றாள் ரேணுகா. உட்கார்ந்ததும் குழந்தையை அவள் மடியில் வைத்தாள்.

துளசிமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தாள். குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டது.

"போன வாரம் காச்சலுங்க. எனக்குத்தான்," என்றாள் ரேணுகா. "ஒரே நாள்தான். ஆனாப் பயந்துட்டேன். நான் போயிட்டா இவள யாரு பாப்பாங்க?"

"அப்படியெல்லாம் பேசாத."

"இன்னொண்ணு உண்டாச்சுன்னா நான் காலியாயிருவேனுங்களா?"

துளசிமணி குழந்தையை மடியில் சரியாக உட்கார வைத்தாள்.

"படிச்சவங்க நீங்கதான் சொல்லோணும். இந்தத் தடவை எதையும் அடிக்காமச் சொல்லுங்க."

மடியில் மதுரா அவள் விரலை வாயில் வைத்துக் கடித்தது. பல் முளைக்கத் தொடங்கியிருந்தது.

"ஆயிருவ," என்றாள் துளசிமணி.

ரேணுகா தலையை ஆட்டினாள். நெடுநேரம் கணக்கு வராமல் இருந்தவளுக்கு விடை வந்ததுபோல் மூச்சு விட்டாள். அந்தப் பிள்ளை என்ன ஆகும் என்று கேட்கவில்லை. அது அவளுக்குத் தெரியும், குளிப்பாட்டியவள் அவள்தானே.

"அதுக்குப் பேரு வெக்காம இருந்துக்கறனுங்க," என்றாள். பிறகு பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.